உப்பில்லாத சுரைக்காயும் ஒரு குவார்ட்டரும்

போன மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு நிவேதா ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்த டயட்டீஷியன் அவள். கணக்கைச் சரியாகப் போடுவாள், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். அவளிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியைத் திறந்து காட்டியிருக்கிறார். இடது பக்கம் வேகவைத்த பீட்ரூட், வலது பக்கம் அதே அளவு பீர். நடுவில் வரிசையாகக் கலோரி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு. எது தேவலையோ அதற்குப் பச்சை நிறத்தில் ஒரு டிக். கலோரி இரண்டிலும் ஏறத்தாழ சமம். சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் பீரில் குறைவு. முதல் நாலு வரியில் மூன்று பச்சை பீருக்குத்தான்.

"அப்ப நான் எதைங்க மேடம் சாப்பிடட்டும்?" என்று அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

நிவேதா படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "நீங்களா இருந்தா என்ன மேடம் சொல்லியிருப்பீங்க? ஜூனியர்ஸ் எல்லாரும் கேக்கறாங்க. ஒரு நாள் வந்து பேசுங்களேன்."

பருப்பு அடுப்பில் இருந்தது. அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கள் வீடு அஸ்தம்பட்டியில். ரவுண்டானா வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். மருந்துக் கடைக்காரர், "என்னங்க மேடம், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

இதே மாதிரி ஒரு அட்டவணையை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் வேகவைத்த காய், இன்னொரு பக்கம் சாராயம். அதைப் பற்றி ஜூனியர்கள் முன்னால் நின்று பேச என்னால் முடியாது. எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

நான் படித்தது மனையியல். அப்போது அந்தப் படிப்புக்குப் போகிற பெண்களிடம், "சமையல் படிக்கறதுக்கு எதுக்கு காலேஜு?" என்று கேட்காத உறவினர் கிடையாது. பட்டம் வாங்கி, ஒரு வருஷம் பயிற்சி முடித்து, சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முப்பத்தைந்து வருஷம் அதே கட்டடம்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ரெங்கநாயகி மேடம். ஒல்லியான உருவம், மாவு நிறத்தில் பருத்திப் புடவை, இடுப்பில் செருகிய ஒரு சின்ன நோட்டு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாப்பாட்டு டிராலி வார்டுக்குப் போகும்போது கூடப் போக மாட்டார். மிச்சத் தட்டுகளோடு திரும்பி வரும்போதுதான் எதிரே வந்து நிற்பார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். "பதினாலாம் நம்பர் பொரியலைத் தொடலை" என்று தனக்குத்தானே சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு அந்த வார்டுக்குப் போய், "பொரியல் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்பார். நோயாளி நல்லா இருந்துச்சு என்பார். அதையும் எழுதிக்கொள்வார்.

அவர் வைத்திருந்த விதிகள் மூன்று. டயட் ஷீட் எதுவானாலும் கார்பன் வைத்துத்தான் எழுத வேண்டும். மேல்தாள் நோயாளிக்கு, நகல் கேஸ் ஷீட்டுக்கு. வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்கள் வரும்வரை ஷீட்டைக் கையில் கொடுக்கக் கூடாது. மகள் வேலைக்குப் போயிருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். கடைசியாக, கொடுத்த ஷீட்டை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நாம் படித்து, அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். வார்டில் ஐம்பது பேர் இருக்கிற நாளில் இதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கந்தவேல் வந்தபோது எனக்கு வேலையில் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. கல்லீரல் நோயாளிகளுக்கு நான் எழுதும் ஷீட்டை மேடம் திருத்துவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கந்தவேலுக்கு ஊர் ஜலகண்டாபுரம். சொந்தமாக நாலு விசைத்தறி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் நீர் கோத்து முட்டிக்கொண்டு நின்றது. கண் மஞ்சள். இருபது வருஷக் குடி. இனி ஒரு சொட்டுக்கூட ஆகாது, உப்பு சேர்க்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதைச் சோறாகவும் காயாகவும் மாற்றுவது என் வேலை.

நன்றாகப் படிக்கிற மனிதர். கட்டிலுக்குக் கீழே பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார். பேச்சில் கிண்டல் இருக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் நான் போனபோது தட்டு அப்படியே இருந்தது.

"ஏனுங்க சாப்பிடலை?"

"உப்பில்லாத சுரைக்காயிங்க மேடம். வெந்தது வேகாதது ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது."

"உங்க உடம்புக்கு அதுதாங்க நல்லது."

"இதுல என்னங்க இருக்குது, தண்ணியைத் தவிர? நான் ஒரு குவார்ட்டர் போட்டேன்னா ஒரு ஷிப்டு நின்னு தறி ஓட்டுவேன். ஒரு அண்டா சுரைக்காயைத் தின்னுட்டு ஓட்ட முடியுங்களா? நீங்க படிச்சவங்க. கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சரி, கணக்குத்தானே, போட்டே காட்டுகிறேன் என்று என் அறைக்குப் போனேன். உணவுச் சத்து அட்டவணைப் புத்தகத்தை எடுத்தேன். டயட் ஷீட் புத்தகம் மேஜை மேலேயே இருந்தது, கார்பனோடு. இது டயட் ஷீட் இல்லையே, சும்மா ஒரு விளக்கம்தானே என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டேன்.

இடது பக்கம் வெந்த சுரைக்காய் ஒரு கப். வலது பக்கம் குவார்ட்டர் ஒன்று. புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, நார்ச் சத்து, வைட்டமின்கள். சுரைக்காய்க்குச் சின்னச் சின்ன எண்கள். குவார்ட்டருக்கு எல்லாமே சைபர். அந்தச் சைபர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் மனிதருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் அட்டவணை எதிலும் முதல் வரி கலோரிதான். கலோரிக்கு நாங்கள் எழுதிப் பழகியிருந்த தமிழ், 'சக்தி'. கை பழக்கத்தில் அதையே முதலில் எழுதியது. சக்தி: சுரைக்காயில் பதினைந்து, குவார்ட்டரில் நானூறுக்கு மேல்.

எண்கள் சரி. இன்றைக்குப் போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி அங்கம்மாள் அப்போது சுடுதண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தார். வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. "பாருங்க, உங்க குவார்ட்டர்ல எத்தனை சைபர்னு எண்ணிக்கிட்டே இருங்க" என்று கையில் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்தாறு நாளில் வயிறு கொஞ்சம் வற்றியது, தானாகவே எழுந்து நடந்து வீடு திரும்பினார். முறையான டயட் ஷீட்டை அங்கம்மாளிடம் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்ல வைத்துக் கொடுத்தேன். அதன் நகல் கேஸ் ஷீட்டில் இருந்தது. வெள்ளைத் தாளுக்கு நகல் இல்லை.

மூன்று வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். யாரையும் அடையாளம் தெரியவில்லை, கை உதறல், வாயில் ரத்தம். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. நான் வேறொரு நோயாளியைப் பார்த்துவிட்டு வராந்தாவில் வந்தபோது, டியூட்டி டாக்டர் அங்கம்மாளிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கந்தவேலின் தம்பிமார் இரண்டு பேரும், மகன் சேகரும் சுற்றி நின்றார்கள். சேகருக்குப் பத்தொன்பது வயது இருக்கும்.

"யாரும்மா வாங்கிக் கொடுத்தது?"

"நான்தானுங்க."

"நீயே கடைக்குப் போய் வாங்கினியா?"

"ஆமாங்க. நாலு நாளா ஒரு வாய் சோறு நிக்கலீங்க. தண்ணி குடுத்தாலும் வாந்திதானுங்க. ஏதோ ஒண்ணு உள்ள போகட்டும்னு மூடியில ஊத்தி ஊத்திக் குடுத்தேனுங்க. சக்தி இருக்குதுன்னு காயிதத்துல போட்டிருக்குதுங்க."

"எந்தக் காகிதத்துல?"

அவர் பையைத் துழாவினார். பையில் துணிகளுக்கு நடுவே தேடிக்கொண்டே தலையைத் தூக்கியவர் என்னைப் பார்த்துவிட்டார். டாக்டரை விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வராந்தாக் கோடியில் நின்ற என்னிடம் நேராக வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. மடித்த தாளை என் கையில் வைத்து, "நீங்க எழுதினதுதானுங்களே, நீங்களே சொல்லுங்க" என்றார்.

கணவர் குடித்துவிட்டு வரும் நாளெல்லாம் பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றிய பெண் அவர். முதல் தடவை வந்தபோது அவரே சொல்லியிருந்தார். அந்தப் பெண் சாராயக் கடை வரிசையில் நின்றிருக்கிறார். என் கையெழுத்தை நம்பி நின்றிருக்கிறார்.

"இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று தாளை வாங்கிக்கொண்டு என் அறைக்குள் போய்விட்டேன்.

பிரித்தேன். வியர்வையில் ஊறி, மடிப்புகளில் மை கலைந்திருந்தது. முதல் வரி மட்டும் தெளிவாக இருந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. தாளை எடைத் தராசுக்கு அடியில் தள்ளினேன். ரெங்கநாயகி மேடம் உள்ளே வந்து, உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"கந்தவேல் கேஸ். நகலைப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. அந்தம்மா ஏதோ காகிதம்னு சொல்றாங்களாம். ஷீட்டைத் தவிர வேற எதாவது எழுதிக் குடுத்தியா?"

"இல்லைங்க மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். தராசைப் பார்த்தாரா என்று தெரியாது. இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தார்.

"கேட்டேன், இல்லைன்னு சொன்ன. எழுதிக்கறேன்."

எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றார். அதுவரை அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என் ஷீட்டுகளைத் திருத்தத் தொடங்கிவிட்டார், புதிதாகச் சேர்ந்தவள் ஷீட்டைத் திருத்துவது போல. இப்போது அவர் இல்லை.

அவர் போனதும் தாளை எடுத்துக் கிழித்தேன். சமையலறைப் பின்பக்கம் காய்த் தோல் போடும் வாளியில் போட்டு, மேலே வாழைப்பூ மடல்களைத் தள்ளிவிட்டேன். அங்கம்மாள் என் அறை ஜன்னலில் வந்து நிற்பதாகச் சமையல்காரர் வந்து சொன்னார். "ரவுண்ட்ஸ்ல இருக்கேன்னு சொல்லுங்க" என்று பின்வாசல் வழியாகப் போனேன். மறுநாளும் வந்து நின்றாராம். மறுநாளும் அப்படியே போனேன். மூன்றாம் நாள் கந்தவேல் இறந்துவிட்டார்.

அந்தக் கல்லீரல் குடியில்லாமலே எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதனால் மனம் அடங்கியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தாளின் அடியில், கோடு முடிந்த இடத்துக்குக் கீழே, 'இந்தச் சக்தி உடம்புக்கு உதவாது, ஈரலைக் கெடுக்கும்' என்று ஒரு வரி எழுதினேனா இல்லையா? எழுதியதாகச் சில நாள் தெளிவாக நினைவு வரும். பேனா தாளில் அழுத்தியது கூட ஞாபகம் வரும். மறுநாள், எழுதவில்லை, வாயால் சொன்னதோடு சரி என்று தோன்றும். இன்னொரு நாள் வாயாலும் சொல்லவில்லை, சைபரை எண்ணச் சொன்னதோடு சரி என்று தோன்றும். பார்த்துத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே தாளை நானே கிழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் அட்டவணைகளில் சக்தி என்ற சொல்லே கிடையாது. சமைக்கிறவர் வராமல் ஷீட் கொடுத்ததில்லை. திருப்பிச் சொல்ல வைக்காமல் யாரையும் அனுப்பியதில்லை. ஜூனியர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஒப்பிக்கிற மேடம்' என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில், என் முறைகளைப் பற்றி நிர்வாகத்தினர் உயர்வாகப் பேசினார்கள். நிவேதா அதையெல்லாம் ஒரு அட்டையில் அழகாக எழுதிச் சுவரில் மாட்டினாள். நான் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடினால் போதும் போலிருந்தது.

நிவேதாவின் படம் வந்த பிறகு நாலு நாள் எந்த வேலையும் ஓடவில்லை. ஐந்தாம் நாள் ஜலகண்டாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். தெருவின் பெயர் நினைவில் இருந்தது. ஷீட்டில் நான்தானே எழுதினேன். அங்கே இறங்கி, "தறிக்காரர் கந்தவேல், ரொம்ப வருஷம் முன்னால இறந்துபோனவர்" என்று விசாரித்தேன். மூன்றாவது ஆள் காட்டினார்.

தெருவின் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஒரு பக்கம் சேகரின் மாடி வீடும் தறிக் கூடமும். எதிர்ச் சாரியில் ஒற்றை அறை வீடு. அதில் அங்கம்மாள் மின்சார ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், ஒரு பத்து வயது கூடத் தெரிந்தது. யாரென்று சொன்னேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். ராட்டையை நிறுத்தவில்லை.

"உள்ள வாங்க. அந்தப் பாயில உக்காருங்க."

உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். தாளை வாங்கிக்கொண்டு போய்க் கிழித்துப் போட்டதையும், ஜன்னலில் அவர் நின்றது தெரிந்தே பின்வாசல் வழியாகப் போனதையும் சொன்னேன். மேடத்திடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் நூல் அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினார்.

"தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "கூட்டத்துல எங்கியோ விழுந்திருக்கும், நீங்க தேடிக்கிட்டிருக்கீங்க, அதான் வரலைன்னு நெனச்சேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தத் தாள்ல, கீழ ஒரு வரி இருந்துச்சுங்களா? இது உதவாது, ஈரலைக் கெடுக்கும்னு?"

"எனக்கு எங்கீங்க படிக்கத் தெரியும்? அவருதான் படிச்சுச் சொன்னாரு. சுரைக்காயில பதினஞ்சு, இதுல நானூறுன்னாரு. பெரிய ஆஸ்பத்திரியில எழுதினதுன்னாரு."

"வேற எதுவும் படிக்கலீங்களா?"

"படிச்சிருந்தா நான் வாங்கப் போயிருப்பனுங்களா?"

கந்தவேல் ஏன் முதல் வரியோடு நிறுத்தினார், அதற்குக் கீழே படிப்பதற்கு ஏதாவது இருந்ததா, இரண்டும் இனித் தெரியப் போவதில்லை. சைபர்கள் இருந்தன. அதையும் அவர் படித்துக் காட்டவில்லை.

நான் எதிர் வீட்டைப் பார்ப்பதைக் கவனித்து அங்கம்மாளாகவே சொன்னார். காரியம் முடிந்த அன்றைக்கே கொழுந்தனார்கள், உன் கையாலேயே ஊற்றிக் கொடுத்துக் கொன்றுவிட்டாய் என்று சொல்லிவிட்டார்கள். சேகர் சித்தப்பா வீட்டோடு போய்விட்டான். பிறகு தறியை அவனே எடுத்து நடத்தினான், கல்யாணம் செய்துகொண்டான், எதிரிலேயே வீடு கட்டினான். கல்யாணத்தன்று இவர் இந்த வாசலில் நின்று பார்த்தாராம். மருமகள் நல்ல பெண். அவன் இல்லாத நேரத்தில் குழம்பு கொண்டுவந்து வைப்பாள். மகன் மட்டும் பேசுவதில்லை.

"நான் உங்க மகன்கிட்ட சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

ராட்டை நின்றது.

"அதுக்குத்தான வந்தீங்க?" என்றார். "வாங்க."

எழுந்து முன்னால் நடந்தார். தெருவைக் கடந்து, தறிக் கூடத்து வாசல்படியில் நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை. நான் மட்டும் போனேன். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தரையே அதிர்ந்தது. சேகர் ஒரு தறியில் குறுக்கே ஓடும் நாடாவை மாற்றிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிவிட்டார், அப்பாவின் தாடை. நான் அவர் காதருகே போய், யாரென்றும் எதற்கு வந்தேன் என்றும் உரக்கச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அந்தச் சத்தத்தில் அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேக்கலீங்க" என்று கையசைத்தார். பிறகு ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினார். நாலாவது நின்றதும் கூடத்தில் ஒரு மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சக்தி என்று நான் எழுதியது, உங்கள் அம்மா அதை நம்பியது, தாளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது, நான் கிழித்தது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் என் காதிலேயே விழுந்தது. தெருப்பக்க ஜன்னலில் மருமகள் வந்து நின்றிருந்தார்.

சேகர் விரலில் ஒட்டியிருந்த பஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பக் கிழிச்சீங்க?"

"உங்கப்பா இருக்கறப்பவே. முதல் நாளே."

வாசல் பக்கம் திரும்பினார். அம்மாவை நேராகப் பார்த்து, "இதை ஏன் சொல்லலை?" என்றார்.

அங்கம்மாள் படியை விட்டு அசையவில்லை. குரலும் உயரவில்லை.

"சொன்னனே சாமி. அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலயே சொன்னேன். ஊட்டுக்கு வந்தும் சொன்னேன். நீ காயிதத்தைக் காட்டுன்ன."

அவருக்கு நினைவு வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்தார். வாசலுக்குக் கொண்டுபோய் அம்மாவின் பக்கத்தில் வைத்தார். கையை ஸ்டூலின் மேல் வைத்தபடியே நின்றார்.

அங்கம்மாள் ஸ்டூலைப் பார்த்தார்.

"தாரு பாதியில நிக்குது" என்றார். பிறகு என்னிடம், "பஸ்ஸு வர நேரம். வாங்க, நிறுத்தத்துல விட்டுட்டு வாரேன்."

பஸ் நிறுத்தம் தெரு முனையிலேயே இருந்தது. என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது மருமகள் பின்னாலேயே வேகமாக வந்து, "அத்தை, அவரு சாப்பிட வரச் சொல்றாருங்க, நம்ம ஊட்டுக்கு" என்றார். மூச்சு வாங்கியது அந்தப் பெண்ணுக்கு.

"அவனையே வந்து கூப்பிடச் சொல்லு" என்றார் அங்கம்மாள். கொஞ்சம் பொறுத்து, "அவனுக்கு நம்பறதுக்கு இருபத்திரண்டு வருசம் ஆச்சு. எனக்கும் ரெண்டு நாள் ஆகட்டும்" என்றார்.

பஸ் வந்து நிற்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. மருமகளோடு திரும்பிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தெருவைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். அங்கம்மாள் தன் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். சேகர் அந்த வாசலுக்கு வெளியே நின்றிருந்தார், செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு. உள்ளே போனாரா என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.